சென்சாரை மாற்றுமுன் அலையைப் பாருங்கள்

பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் பேரணை முதல் கள்ளந்திரி வரை எல்லோரும் ஒரே சமயத்தில் சேற்றுழவுக்கு டிராக்டர் தேடுவார்கள். அந்த நேரத்தில் டிராக்டர் சூடேறியதும் நின்று, ஆறியபின் கிளம்பினால் உழவு தடைப்படும். நாற்றங்காலில் நாற்று முற்றும். "சென்சார் போய்விட்டது" என்று புதிதாக மாற்றியும் கோளாறு தீராமல் பணம் வீணாவது உண்டு. சோதித்தபின் மாற்றுவதே சிக்கனம்.

எந்த டிராக்டருக்கு?

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 1-1-2023 முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்தது. இவற்றில் பெரும்பாலும் கம்ப்யூட்டரே டீசல் பீய்ச்சும் நேரத்தை முடிவு செய்கிறது. சாதாரண டீசல் பம்ப் உள்ள பழைய டிராக்டர்களுக்கு இச்சோதனை தேவையில்லை.

சென்சாரின் வேலை

கிராங்க் ஷாஃப்டுடன் ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல எஞ்சின்களில் 60 பற்களுக்கு இடம் இருந்தும் 58 பற்களே இருக்கும். பல் இல்லாத அந்த இடமே அடையாளம். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட இரண்டு கம்பி சென்சார், ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சிறு மின் அலையை உண்டாக்கும். எஞ்சின் எந்த நிலையில் உள்ளது என்பதைக் கம்ப்யூட்டர் இதைக்கொண்டே அறிகிறது.

அலை சொல்லும் பழுது

பயிற்சி பெற்ற மெக்கானிக், ஆஸிலாஸ்கோப் என்னும் அலைகாட்டியைச் சென்சார் கம்பிகளில் இணைத்து, கியரை நியூட்ரலில் வைத்துச் செல்ஃப் அடித்தால் திரையில் அலைகள் வரிசையாகத் தெரியும். சுற்றுக்கு ஒரு முறை இடைவெளி விழும்.

1. எல்லா அலைகளும் குட்டையாக இருந்தால் முதலில் பாட்டரியைப் பார்க்கவும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் அலை குறையும். பாட்டரி சரியாக இருந்தால், சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கலாம். அல்லது பல்லுக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடியிருக்கலாம்.

2. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் மட்டும் அலை கெட்டிருந்தால் பல் உடைந்தோ வளைந்தோ இருக்கும். சென்சாரை மாற்றிப் பயனில்லை.

3. ஒயரை அசைக்கும்போது அலை அறுந்தால் ஒயரிலோ கனெக்டரிலோ பழுது. எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கவும்.

4. ஒயர் நன்றாக இருந்தும் சூட்டில் அலை மறைந்து, ஆறியதும் திரும்பினால் சென்சாரின் உட்சுருளே பழுது. அப்போது மாற்றலாம்.

5. அலை ஒழுங்காக இருந்தும் எஞ்சின் கிளம்பாவிட்டால் இந்தச் சென்சாரை விட்டுவிட்டு டீசல் வழியையும் மற்ற சென்சார்களையும் சோதிக்க வேண்டும்.

மூன்று கம்பி உள்ள 'ஹால்' சென்சாரில் அலை கட்டம் கட்டமாக வரும். வேகம் கூடினாலும் அதன் உயரம் மாறாது. அதில் ஓம் மீட்டர் வைத்துச் சோதிக்கக் கூடாது. மல்டிமீட்டர் சராசரி அளவையே காட்டுவதால் ஒற்றைப் பல் பழுது அதில் தெரியாது.

விவசாயிகள் கவனத்துக்கு

டிராக்டர் சூட்டில் நின்றதா, குலுக்கலில் நின்றதா, கழுவியபின் நின்றதா என்று குறித்து வைத்து மெக்கானிக்கிடம் சொல்லவும். சேறு கழுவும்போது சென்சார், கனெக்டர் மீது தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். கொட்டகையில் எலி அண்டாமல் பார்த்துக்கொள்ளவும். புது சென்சாருக்குப் பணம் கொடுக்குமுன், "அலை பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.