ஜாமீனுக்கு மதிப்பெண்

கேள்வி: அமெரிக்காவில் கைதானவரை விசாரணை வரை வெளியே விடலாமா என்று கணினியே மதிப்பெண் போட்டுச் சொல்கிறதாமே? அதற்கு நிறம் தெரியாதே, பிறகு ஏன் பாரபட்சம் என்கிறார்கள்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறத்தைக் கேட்பதில்லை, உண்மைதான். முதல் கைது எந்த வயதில், இதுவரை எத்தனை முறை கைது என்று பார்க்கிறதே, அது போதும். போலீஸ் ரோந்து அதிகம் சுற்றும் தெருவில் கைதும் அதிகம். கணினி எண்ணுவது குற்றத்தை அல்ல, கைதை. ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் 'காம்பஸ்' மென்பொருள் போட்ட மதிப்பெண்களை 2016-ல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் சரிபார்த்தது. இரண்டு ஆண்டுகளில் மறுபடி சிக்காத கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதம் பேருக்கு 'ஆபத்தானவர்' முத்திரை விழுந்திருந்தது. வெள்ளையரில் சுமார் 23 சதவீதம்தான். தயாரித்த நிறுவனம் விடவில்லை. ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள், எந்த நிறமானாலும், ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மறுபடி கைதாகிறார்கள் என்றது. வேடிக்கை என்னவென்றால், இரு தரப்புக் கணக்கும் சரி! கைது விகிதமே இரு பிரிவினருக்கும் வேறுபடும்போது, கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்தாலொழிய, இந்த இரண்டு நியாயமும் ஒரே கருவியில் சேராது என்று ஆய்வாளர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

நீதிபதிக்கு மட்டும் பாரபட்சம் கிடையாதா என்பீர்கள். உண்டு. ஆனால் அவரிடம் காரணம் கேட்கலாம். காம்பஸ் சூத்திரமோ வியாபார ரகசியம். அதற்காகக் கருவியே கூடாது என்பதும் அவசரம். நியூ ஜெர்சி 2017 முதல் பயன்படுத்தும் கருவி பார்ப்பது 9 அம்சங்களை, எல்லாம் வெளிப்படை. கூடவே பணம் கட்டி ஜாமீன் பெறும் முறையையும் ஏறக்குறைய ஒழித்தார்கள். விசாரணைக் கைதிகள் வெகுவாகக் குறைந்தார்கள். சிறைக்குள் கறுப்பினத்தவரின் பங்கு மட்டும் 2012-லும் 2018-லும் அதே 54 சதவீதம்.