நிறம் வென்ற நடிகர்

நாடகம் என்பது ஒருவர் மற்றொருவராய் மாறி நிற்கும் அருங்கலை. ஆண்டியாய்ப் பிறந்தவன் அரங்கில் அரசனாவான், அரசனும் ஆண்டியாவான். இத்தகைய கலைக்குப் பிறப்பும் நிறமும் தடையாதல் கூடுமோ? ஆயினும், கரிய மையை ஏற்ற மேடை, கரிய மனிதனை ஏற்க மறுத்த காலம் ஒன்று இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களுள் பெரும்பாலோர் அடிமைகளாய் வாடினர். நியூயார்க்கு மாநிலத்தில் அடிமை முறை 1827ஆம் ஆண்டில்தான் முற்றும் ஒழிந்தது. உரிமை பெற்று வாழ்ந்தோரும் நாடகம் காணச் சென்றால், உயரத்து மாடத்தில் ஒதுங்கியே அமர வேண்டும். ஷேக்ஸ்பியர் இயற்றிய 'ஒதெல்லோ' நாடகத்தின் தலைவன் கருநிறத்தவன். அவனாக நடித்தோரோ முகத்தில் மை பூசிய வெள்ளையர்!

இந்நிலையில், கப்பலில் பணியாளராய் இருந்து ஓய்வு பெற்ற வில்லியம் பிரௌன் என்பார், 1821ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் தம் இனத்தார் கூடி மகிழச் சோலை ஒன்று அமைத்தார். அதிலிருந்து நாடகக் குழு ஒன்று தோன்றியது. ஜேம்ஸ் ஹியூலட் அதன் தலைமை நடிகராய் விளங்கினார். 'மூன்றாம் ரிச்சர்டு' என்னும் நாடகத்தை அவர்கள் திறம்பட நடித்தனர். வெள்ளையரும் வந்து கண்டனர்.

இவ்வளர்ச்சியைப் பொறாதார் பலர். 1822ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாடகம் நடந்துகொண்டிருக்கையிலேயே காவலர் புகுந்து நடிகர்களைச் சிறைப்பிடித்தனர். ஷேக்ஸ்பியர் நாடகங்களை இனி நடிப்பதில்லை என்று உறுதி கூறிய பின்னரே விடுவித்தனர். அதே ஆண்டில் தீயோர் சிலர் அரங்கினுட் புகுந்து, நடிகர்களைத் தாக்கிப் பொருள்களையும் பாழ்படுத்தினர். எனினும் பிரௌன் அஞ்சவில்லை. 1823ஆம் ஆண்டில் 'மன்னன் ஷாட்டவே' என்னும் நாடகத்தைத் தாமே எழுதி அரங்கேற்றினார். அமெரிக்கக் கறுப்பினத்தார் ஒருவர் எழுதி அரங்கேறிய முதல் நாடகம் அதுவே என்பர். அதன் ஏடு இன்று கிடைத்திலது. குழுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

ஆயினும், அது விதைத்த விதை வீண்போகவில்லை. அவ்வரங்கின் தொடர்பால் நாடகத்தில் வேட்கை கொண்டான் ஓர் இளைஞன். 1807ஆம் ஆண்டில் பிறந்த ஐரா ஆல்டிரிட்ஜ் என்பவனே அவன். மகன் சமயத் தொண்டனாதல் வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகன் நெஞ்சமோ மேடையையே நாடியது. தாய்நாட்டில் தனக்கு மேடை இல்லை என்பதை உணர்ந்த அவன், கடல் கடந்து இங்கிலாந்து சென்றான். 1825ஆம் ஆண்டில் இலண்டன் மேடையில் தோன்றினான்.

1833ஆம் ஆண்டில், எட்மண்டு கீன் என்னும் பெருநடிகர் ஒதெல்லோவாக நடிக்கையில் மேடையிலேயே சாய்ந்தார். அவருக்கு மாற்றாகக் கோவெண்டு கார்டன் அரங்கில் ஒதெல்லோவாக நின்றவர் ஆல்டிரிட்ஜ். அவையோர் ஆரவாரித்தனர். இதழ்கள் சிலவோ, நடிப்பைக் காணாது நிறத்தையே கண்டு இகழ்ந்தன. இருமுறைக்கு மேல் அங்கு அவரால் நடிக்க இயலவில்லை.

அவர் சோர்ந்தாரல்லர். ஊர் ஊராய்ச் சென்று நடித்தார். நாடகம் முடிந்ததும் மேடையில் நின்று அடிமை முறையின் கொடுமையை எடுத்துரைப்பதும் உண்டு. 1852 முதல் ஐரோப்பிய நாடுகளிற் பயணம் செய்தார். அவர் ஆங்கிலத்திற் பேச, உடன் நடிப்போர் தம் மொழியிற் பேசுவர். ஆயினும் காண்போர் கண்கலங்கினர். பிரசிய மன்னர் பொற்பதக்கம் அளித்துப் போற்றினார். வெண்பூச்சுப் பூசி லியர் மன்னனாகவும் அவர் நடித்தார். கறுப்பு மை பூசிய வெள்ளையர்க்கு இதனினும் தக்க விடை வேறு யாது?

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் ஒழிந்தது. தாய்நாடு சென்று நடிக்க ஆல்டிரிட்ஜ் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் ஈடேறுமுன், 1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள், போலந்து நாட்டு வூச் நகரில் உயிர் நீத்தார்.

அவர் மகளார் அமாண்டா, பிற்காலத்தில் பால் ரோப்சன் என்னும் கறுப்பின நடிகர்க்குச் சொற்பயிற்சி அளித்தார். அந்த ரோப்சன் 1943ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரப் பெருமேடையில் ஒதெல்லோவாகத் தோன்றினார். அந்நாடகம் 296 முறை நடைபெற்றது. தந்தைக்கு மூடியிருந்த கதவு, மகளாரின் மாணவர்க்குத் திறந்தது. கலைஞனைத் தடுக்கலாம், கலையைத் தடுத்தல் அரிது.