மொழிப் பாடம்: கந்தோர் இத்தாலியன்

பல்லரோ சந்தையில் பேரம் பேசவும், வேலை வீட்டு சிஞ்ஞோராவுடன் கதைக்கவும் எமக்கு இத்தாலியன் போதும். சிசிலியனில் பகிடி விடுபவர்களும் எம்மிடையே உண்டு. ஆனால் குவெஸ்தூராவிலிருந்து ஒரு கடிதம் வந்தால் வீடே அடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறோம். பிள்ளைக்கு இத்தாலியன் தெரியும். கந்தோர்ப் பாஷை தெரியாது.

இம்முறை ஒரு சொற்றொடரை நன்றாகப் படிப்போம்: "மொத்திவி ஒஸ்தாத்திவி". நேர்ப்பொருள் "தடையான காரணங்கள்". வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவருக்கு இது வந்தால், "அம்மா, விசா இல்லையாம்" என்று பிள்ளை சொல்லக்கூடும். அது பிழை. கந்தோர் சொல்வது இதுதான்: "மறுக்க எண்ணியுள்ளோம், உங்கள் பக்க நியாயம் இருந்தால் இப்போதே தாருங்கள்." 1990ஆம் ஆண்டின் 241ஆம் இலக்கச் சட்டத்தில் 2005இல் சேர்க்கப்பட்ட 10-பிஸ் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. கடிதம் கிடைத்து 10 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுக்கலாம், ஆவணங்களும் இணைக்கலாம். இப்பதிலின் பெயர் "ஒஸ்ஸெர்வாத்சியோனி". அதை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று கந்தோர் தன் முடிவில் எழுதியாக வேண்டும்.

ஆகவே கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்க வேண்டாம். (நானும் அப்படிச் செய்தவன்தான்.) கிடைத்த திகதியை உறையிலேயே குறித்துக்கொண்டு, மறுநாளே பத்ரொனாத்தோவுக்கோ சட்டத்தரணியிடமோ போங்கள். வருமானம் போதாது என்று எழுதியிருந்தால் சம்பளச் சீட்டுகளையும் புதிய வேலை ஒப்பந்தத்தையும் கொண்டுபோங்கள். யன்னலில் நின்று வாயால் சொல்வது பதிலாகாது. பதிவுத் தபாலில், கையொப்பச் சீட்டு திரும்பி வரும்படி அனுப்புங்கள்.

"ரிஜெத்தோ" என்று முடிவாகவே வந்துவிட்டால் அது வேறு கதை. வேலை அனுமதியாயின் பொதுவாக 60 நாட்களுக்குள் நிர்வாக நீதிமன்றம் போகவேண்டும். வருமானம் குறைந்தவர்கள் அரச செலவில் சட்டத்தரணி கேட்கலாம்.

இன்னொன்று, யன்னலில் அடிக்கடி கேட்பது: "இன் லவொராத்சியோனே". "வேலை நடக்கிறது" என்று பொருள். ஏதோ ஒரு பத்திரம் குறைந்து, கோப்பு அப்படியே கிடந்தாலும் இதையே சொல்வார்கள். "கிராட்சியே" சொல்லித் திரும்பிவிடாமல், "மங்கா குவால்கே தொகுமெந்தோ?" என்று கேளுங்கள். "ஏதாவது பத்திரம் குறைகிறதா?" என்பது அதன் பொருள். பிள்ளையிடம் சொல்லி இரண்டு தரம் உச்சரித்துப் பழகிக்கொண்டு போங்கள்.