எட்டுப் பிள்ளை வீட்டில் இன்று ஒன்று

கேள்வி: மலேசியப் பிரதமராக இருந்தபோது மகாதீர் ஏழு கோடி மக்கள் வேண்டும் என்றாரே, நம் வீடுகள் ஏன் ஒற்றைப் பிள்ளையோடு நிற்கின்றன?
- வாசகர், புக்கிட் ரம்பாய்

பதில்: 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்த அதே நாடுதான் 1984இல் அந்த இலக்கையும் வைத்தது. வீடுகள் கேட்டால்தானே! 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.9 பிள்ளைகள், 2023இல் 1.7. இந்தியரிடையே இன்னும் குறைவு.

ரப்பர் தோட்டத்து லயத்தில் பிள்ளை என்றால் மங்கு துடைக்க, பால் சுமக்க இன்னொரு கை. அடுக்குமாடி வீட்டில் அதே பிள்ளை பாலர் பள்ளிக் கட்டணம், டியூஷன், பஸ் காசு.

ஒற்றைப் பிள்ளைக்குச் சிக்கல் பெற்றோரின் கடைசிக் காலத்தில்தான். அப்பாவுக்குச் சுவாசக் கருவி வைக்கலாமா என்று டாக்டர் கேட்டால், கலந்து பேச அண்ணன் தம்பி இல்லை. இத்தகைய முடிவை நோயாளியே முன்கூட்டி எழுதிவைக்கும் மருத்துவ உயிலை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. மலேசியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. பெரியவர் தெளிவாக இருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதி, பிள்ளையிடமும் டாக்டரிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடலாம்.