தேவாலய ஆராதனையும் சைவ மாணாக்கரும்

கிறிஸ்து சமயத்தார் நிறுவிய பாடசாலைகளிற் சைவப் பிள்ளைகள் பலர் இன்றும் பயில்கின்றனர். ஒளிவிழாக் காலத்தும் பாடசாலை நிறுவிய நாளினும் அவர்களையும் அயலிலுள்ள தேவாலயத்துக்கு வரிசையாக அழைத்துச் செல்லும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. அங்குக் கற்பிக்குஞ் சைவ ஆசிரியர் அப்போது செய்யற்பாலது யாது?

இவ்வினா புதியதன்று. அமெரிக்க மிஷனார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து பாடசாலைகள் நிறுவிய காலந்தொட்டு, அங்குக் கல்வியை விரும்பினோர் ஜெபத்தையும் உடன் ஏற்கவேண்டியதாயிற்று. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது இதற்கு மாற்றாகவேயாம். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறு பாடசாலைகளிற் பெரும்பாலன அரசினர் கைப்பட்டன. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை ஒவ்வொருவர்க்கும் உறுதிசெய்கின்றது. எனினும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சட்டம் தேவாலய வாங்கில் வந்து இருப்பதில்லை.

யாம் மிஷன் பாடசாலையிற் பயின்றவர்கள். ஆண்டுக்கணக்காக ஆராதனையில் உடனிருந்தும் திருநீறு எம்மை விட்டு நீங்கிற்றிலது. ஆதலின், வாயிலை மிதித்தலே தோஷமென்று பிள்ளைகளை அச்சுறுத்துவாரோடு யாம் உடன்படேம். உடனிருத்தல் வேறு, வழிபடுதல் வேறு. பிறர் தொழுமிடத்து அமைதியாயிருத்தல் மரியாதை. முழந்தாளிடுதலும், விசுவாசப் பிரமாணஞ் சொல்லுதலும், நற்கருணை பெறுதலும் அவ்விசுவாசமுடையார்க்கே உரியன. ஞானஸ்நானம் பெறாதார் நற்கருணை பெறலாகாது என்பது கத்தோலிக்க திருச்சபையின் விதியுமாம். ஆகவே, எழுந்து போகாது தன்னிடத்திலிருந்த பிள்ளை அவ்வாலயத்தை அவமதித்தானல்லன். இதனை முன்னாளிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுக. பிள்ளைகள் பெரிதும் அஞ்சுவது, எல்லாரும் எழும்பத் தாம் மட்டும் இருத்தற்கே.

செல்லவே விரும்பாத பிள்ளைக்காகப் பெற்றார் கடிதம் எழுதி அதிபரிடம் முற்கூட்டியே கொடுத்தல் நன்று. வகுப்பின் முன்னே, போகாதவர் யாரெனக் கேட்டுக் கைதூக்கச் செய்தல் கூடாது.

இனி, நம்மவர் கேட்க விரும்பாத ஒன்று. சைவ வித்தியாசாலைகளிலும் கிறிஸ்தவப் பிள்ளைகள் பயில்கின்றனர். நவராத்திரிப் பூசையில், கேளாமலே அவர் நெற்றியில் திருநீறு பூசும் ஆசிரியரும் உளர். நம் பிள்ளைக்கு அங்கு வேண்டும் உரிமையை அவர் பிள்ளைக்கு இங்கு மறுப்போமாயின், எம்முகத்தோடு அங்குச் சென்று முறையிடுவது?

தேவாலயஞ் சென்றுவந்த மறுநாட் சைவநெறிப் பாடத்தில், கண்டவற்றைப் பிள்ளைகளே சொல்லக் கேளுங்கள். அங்கேற்றிய மெழுகுதிரிக்கும் நம் கர்ப்பக்கிருகத்துத் தீபத்துக்கும் அவரவர் கொள்ளும் பொருளை விளக்குங்கள். விடை தெரியாத வினா எழின், அடுத்த வகுப்பிலுள்ள கிறிஸ்தவ ஆசிரியரையே அழைத்துக் கேட்கலாம்.