தம்பியின் காதைப் பார்த்து அண்ணனுக்குக் காது

செயற்கைக் காது தயாராகும் இடம் பல் மருத்துவமனை. செயற்கைப் பல் கட்டும் பிரிவில் அச்செடுத்து, மெழுகில் உருவாக்கி, நிறம் சேர்க்கும் அதே கைகள்தான் காதையும் செய்கின்றன. விபத்திலோ தீயிலோ காதை இழந்து கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வந்தால் என்ன செய்வது? தொழில் பழகும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

முதலில் அச்சு. அவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுத்தால் தசை சரிந்து அளவு மாறும். முடியில் வாசலின் தடவி, காதுத் துளையைப் பஞ்சால் அடைத்து, ஆல்ஜினேட் என்ற அச்சுப்பசையைப் பூசுங்கள். இறுகுமுன் காஸ் துணியைப் பதித்து, மேலே பிளாஸ்டர் பூசினால் எடுக்கும்போது வளையாது. நல்ல காதுக்கும் அச்செடுங்கள்.

அடுத்தது மெழுகு. இங்கே அவசரம் கூடாது. இடக்காது இல்லாதவருக்கு வலக்காதை நகலெடுத்துப் பயனில்லை. கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும். கூட வந்த தம்பியின் இடக்காது அண்ணன் சாயலில் இருந்தால், அவரிடம் கேட்டு அதிலேயே அச்செடுத்து மெழுகு வார்த்துத் திருத்துங்கள். பாதி வேலை முடிந்தது. மடலின் உச்சி ஏறக்குறைய புருவ மட்டம், சோணை மூக்கின் அடி மட்டம், கொஞ்சம் பின்சாய்வு. பின்னாலிருந்தும் பாருங்கள், பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

செதுக்கக் கை பழக வேண்டுமானால் கள்ளக்குறிச்சிக்குப் போங்கள்; அவ்வூர் மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே ஒரு சிற்பியின் பட்டறையில் ஒருநாள் உட்காருங்கள். சாமி காது நீளமானதுதான். ஆனாலும் வளைவு எங்கே ஆழ வேண்டும் என்பதை அந்த உளியிடம் கற்கலாம்.

மெழுகுக் காதை டென்டல் ஸ்டோன் என்ற கெட்டியான பிளாஸ்டரில் பதித்து, கொதிநீரில் உருக்கி வெளியேற்றினால் அச்சு தயார். இனி மருத்துவத் தரச் சிலிக்கோன். நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட் ஏமாற்றும். மரவள்ளிக் காட்டில் வெயிலில் நிற்பவருக்கு மடல் விளிம்பு கருத்திருக்கும், காதின் பின்புறம் வெளுத்திருக்கும். ஒரே நிறத்தை ஊற்றினால் பொம்மைக் காதுதான் வரும். ரத்த நாளத்துக்கு மெல்லிய சிவப்பு இழைகளைச் சேருங்கள்.

பொருத்தப் பசை போதும்; ஆனால் வியர்வையில் விட்டுப்போகும். மண்டை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துக் காந்தத்தில் நிறுத்தும் முறைக்கு அறுவை சிகிச்சை வேண்டும், செலவும் கூடும். உழைப்பாளிக்கு அதுவே நல்லது என்பேன். இரவில் கழற்றி, சோப்பில் கழுவி வைக்கச் சொல்லுங்கள். நாளாக நாளாக நிறம் மங்கும். அச்சைப் பத்திரப்படுத்தினால் மறுபடி வார்க்கலாம்.

துண்டால் காதை மறைத்துக்கொண்டு நடப்பவர் உங்கள் ஊரில் இருந்தால், சென்னையிலோ சிதம்பரத்திலோ உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போய் விசாரியுங்கள். உடன்பிறந்தவரையும் கூட்டிப் போங்கள்.