பைப்பைத் திறக்கப்போய் நிரல் உறைந்துவிடாமல் இருக்க

லினக்ஸில் ஒரு கோப்புறையை முழுக்க அலசும் கருவி எழுதுகிறீர்கள். பேக்கப்போ, வைரஸ் ஸ்கேனோ, எதுவாகவும் இருக்கட்டும். நடுவில் ஒரே ஒரு நேம்டு பைப் கிடந்தால் போதும், நிரல் அங்கேயே நின்றுவிடும். பிழைச்செய்தி வராது. இரவில் தானாக ஓடும் பேக்கப் என்றால் காலைவரை யாருக்கும் தெரியாது.

முதலில் அதைக் கண்ணால் பாருங்கள். டெர்மினலில் ‘எம்கேஃபைஃபோ’ கட்டளையால் ஒரு பைப்பை உருவாக்கி, அதை ‘கேட்’ கொண்டு படிக்கச் சொல்லுங்கள். கர்சர் அசையாது. எழுதுவதற்காக வேறொரு நிரல் மறுமுனையைத் திறக்கும்வரை ‘ஓப்பன்’ அழைப்பு திரும்பாது. படிக்கும்போது அல்ல, திறக்கும்போதே சிக்கல். கன்ட்ரோல்-சி அடித்து வெளியே வாருங்கள்.

திறப்பதற்கு முன் ‘ஸ்டாட்’ செய்து வகையைப் பார்த்தால் போதாதா? போதாது. சோதித்ததற்கும் திறப்பதற்கும் இடையில், சாதாரணக் கோப்பை எடுத்துவிட்டு அதே பெயரில் யாராவது பைப்பை வைத்துவிடலாம். எல்லோரும் எழுதக்கூடிய ‘டெம்ப்’ கோப்புறையில் இது எளிது. ஆனாலும் அந்த முன்சோதனையை நீக்கிவிடாதீர்கள். சில டேப் கருவிகளைத் திறந்து மூடினாலே டேப் பின்னோக்கிச் சுற்றிவிடும்; அவற்றைத் தொடாமல் ஒதுக்க அது உதவும்.

அடுத்து, ‘ஓ_ஆர்டிஒன்லி’யுடன் ‘ஓ_நான்பிளாக்’ கொடியையும் சேர்த்துத் திறங்கள். எழுதுவதற்கு யாரும் இல்லாவிட்டாலும் அழைப்பு உடனே திரும்பும். கிடைத்த டிஸ்கிரிப்டர்மீது ‘எஃப்ஸ்டாட்’ செய்யுங்கள். இப்போது நீங்கள் சோதிப்பது பெயரை அல்ல, திறந்து கையில் வைத்திருக்கும் பொருளையே; அதை இனி யாரும் மாற்ற முடியாது. சாதாரணக் கோப்பு என்றால் ‘எஃப்சிஎன்டிஎல்’ கொண்டு அந்தக் கொடியை நீக்கிவிட்டுப் படியுங்கள். இல்லையென்றால் மூடிவிட்டு, எதைத் தாண்டிப் போனோம் என்று பயனருக்குச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் தாண்டுவது தவறு.

பைப்பையே படித்தாக வேண்டும் என்றால் கவனம் தேவை. எழுதுபவர் இல்லாதபோது ‘ரீட்’ 0 தரும். எழுதுபவர் இருந்தும் தரவு வரவில்லையென்றால் ‘ஈஅகெய்ன்’ பிழை வரும். முன்னதைக் கோப்பின் முடிவென்றும், பின்னதைக் கோளாறென்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘போல்’ அழைப்பில் காலக்கெடு வைத்துக் காத்திருங்கள். எழுதுவதற்காக இதே கொடியுடன் திறந்தால், படிப்பவர் இல்லாதபோது ‘ஈஎன்எக்ஸ்ஐஓ’ பிழை கிடைக்கும்.

நிரல் எழுதாதவர்களுக்கு ‘ஃபைண்ட்’ கட்டளையில் ‘-டைப் எஃப்’ சேர்ப்பதே பெரும்பாலும் போதும்.

மாற்றம் முடிந்ததும், எழுதுபவர் இல்லாத ஒரு பைப்பை உங்கள் சோதனைத் தொகுப்பில் சேர்த்து, ‘டைம்அவுட்’ கட்டளைக்குள் கருவியை ஓட்டிப் பாருங்கள்.